பிரிக்காத பொம்மை

மணப்பெண்ணுக்கு எந்த வடிவ கவுன் பொருந்தும் என்று சொல்ல, பஞ்சக்காவுக்குக் கதவு முழுதாகத் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மாடிப்படியில் ஏறி வருகிற செருப்புச் சத்தமே போதும். "இந்தப் பொண்ணு மீன் கேக்கும் பாரு. ஆனா குடைதான் நிக்கும்" என்று குண்டூசி கவ்விய வாயோடு முணுமுணுப்பாள். நான் இருபத்தாறு வருடம் அவள் பக்கத்தில் நின்று, ஒரு தடவையாவது அவள் சொன்னது பொய்யாகட்டும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. அதில் எனக்கு எரிச்சல்தான்.

நான் அந்தக் கடையின் வெட்டுமேஜைக்காரி. கீழே செருப்புக்கடை, மேலே நாங்கள். நீளமான ஒரே அறை, தெருவைப் பார்த்து மூன்று ஜன்னல், ஆறு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, அதன் முன்னால் மணப்பெண் ஏறி நிற்க ஒரு மரப்பலகை. வெள்ளைக் கல்யாண கவுன் தவிர வேறெதுவும் நாங்கள் தைப்பதில்லை. முதலாளியம்மா புத்தகத்தைப் பிரித்து பால் கவுன், ஏ-லைன், மெர்மெய்ட், ஷீத், எம்பயர் என்று படம் காட்டுவார். உள்ளே எங்களுக்கு அது குடை, மணி, மீன், நேர், மேல்கட்டு.

குடை என்றால் இடுப்பு வரை ஒட்டி, கீழே அறையையே அடைக்கிற பாவாடை. இடுப்பே இல்லாதவளுக்கும் இடுப்பு தரும். மணி யாருக்கும் பழுதில்லாதது. முடிவெடுக்கத் தெரியாதவர்கள் கடைசியில் அதில்தான் வந்து நிற்பார்கள். மீன் முழங்கால் வரை உடம்போடு ஒட்டி, அதற்குக் கீழே விரியும். படத்தில் பார்த்து ஆசைப்படாத பெண்ணில்லை, போட்டுக்கொண்டு படியேற முடிந்த பெண்ணுமில்லை. நேர் என்பது தோளிலிருந்து தரை வரை ஒரே விழுதல், ஒளித்துவைக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு. மேல்கட்டில் இடுப்புத் தையல் மார்புக்குக் கீழேயே வந்துவிடும், அதற்குக் கீழ் துணி தளர்வாக இறங்கும். வயிறு வெளியே தெரியாது. மேல்கட்டு கேட்டு வருகிற பெண்ணிடம் நாங்கள் காரணம் கேட்பதில்லை. கடையில் எழுதப்படாத சட்டம் அது.

இன்னொரு சட்டமும் உண்டு. அதற்குப் பஞ்சக்காதான் பொறுப்பு. ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் ஒரு பொம்மை. இருபத்திரண்டு இஞ்சு இடுப்புள்ள மெலிந்த மர பொம்மையின் மேல், அந்தப் பெண்ணின் அளவு வரும் வரை பஞ்சுத் தகட்டைச் சுற்றி, நாடாவால் இறுக்கி, மேலே காடாத்துணி போர்த்தித் தைக்க வேண்டும். தாழ்ந்த தோள், ஒரு பக்கம் தூக்கிய இடுப்பு எல்லாம் பஞ்சில் அப்படியே வந்துவிடும். அந்தப் பொம்மையில்தான் கவுன் வளரும். கழுத்தில் அளவு அட்டை தொங்கும். கல்யாணம் முடிந்தது என்று தகவல் வரும் வரை பஞ்சைப் பிரிக்கக் கூடாது. கல்யாணத்தன்று காலை கவுன் கிழிந்து ஓடி வந்தால், பொம்மை இல்லாமல் எதன்மேல் போட்டுச் சரிசெய்வது? காரணம் அவ்வளவுதான், வேறு மாயமில்லை. அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

பஞ்சக்காவின் கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். ஒரே மகள். நாங்கள் எல்லாரும் குட்டி என்று கூப்பிடுவோம். வெட்டுமேஜைக்கு அடியில் துண்டுத்துணிகளுக்கு நடுவே படுத்துத் தூங்கி வளர்ந்தவள். மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே வருகிற ஒருவனைப் பிடித்துப்போய், கல்யாணம் நிச்சயமானது. "அம்மா, எனக்கு நேர் போதும்" என்றாள். பஞ்சக்காவும் தலையாட்டினாள். மகளுடைய பொம்மையை அவள் சுற்றிய அழகை நான் பார்த்தேன். மார்பு முப்பத்து நாலு, இடுப்பு இருபத்தேழு, பின்பக்கம் முப்பத்தேழு. அவ்வளவு கண்டிப்பான பொம்பளை அன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது ட்ரையல். சம்பந்தியம்மா பார்க்க வந்திருந்தார். மாப்பிள்ளை படிக்கட்டு முனையில், பெண்களுக்குள் வர வெட்கப்பட்டு நின்றான். குட்டி பலகையில் ஏறினாள். பஞ்சக்கா டேப்பை இடுப்பில் சுற்றினாள், பார்த்தாள், மறுபடி சுற்றினாள். அந்த நேரம் அவள் தாயாக இல்லை. வெறும் தையல்காரியாக இருந்தாள்.

"ஒன்றரை இஞ்சு ஏறியிருக்கு. மாரும் ஏறியிருக்கு. நேர் இனி நிக்காது, மேல்கட்டுக்கு மாத்திடணும்" என்று என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "கல்யாணத்தன்னைக்கு இன்னும் ரெண்டு ஏறும். துணி கொஞ்சம் கூடவே வெட்டு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சம்பந்தியம்மாவும் மூன்று பிள்ளை பெற்றவர். கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்?

"என் பையன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று எழுந்தார். அதன் பிறகு அவர் பேசியதை எழுத எனக்கு விருப்பமில்லை. குட்டி அம்மாவைப் பார்க்கவில்லை. படிக்கட்டு முனையைத்தான் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குட்டி, அளவு பார்க்கக் குண்டூசி குத்திப் போட்டிருந்த காடாத்துணி மாதிரியை அப்படியே கழற்றிப் பலகையில் போட்டாள், தன் உடையை மாட்டினாள்.

"எல்லாரும் கேக்கிற மாதிரி சொன்ன பாரு" என்று அம்மாவிடம் சொன்னாள். "என்கிட்ட மெதுவா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

படியிறங்கிப் போனவள் வீட்டுக்கும் போகவில்லை, மருந்துக்கடைக்கும் போகவில்லை. அவள் நம்பருக்குப் பஞ்சக்கா இரண்டு நாள் அடித்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

கல்யாணம் முடிந்த தகவல் வராததால் பொம்மை பிரிக்கப்படவில்லை. சட்டம் சட்டம்தான் என்று முதலாளியம்மா கடைசி ஜன்னல் மூலையில் அதைத் தள்ளி வைத்து, மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டார். இரண்டாவது மாதம் தூசி தட்டப் போன பஞ்சக்கா விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். காடாத்துணியின் பக்கத்தையல் விட்டிருந்தது. டேப் வைத்தாள். இடுப்பு முப்பத்தொன்று. சுற்றியபோது இருபத்தேழு.

"பஞ்சு ஈரம் குடிச்சிருக்கும்க்கா. மழை பேஞ்சுதில்ல" என்றேன்.

"மத்த பொம்மையெல்லாம் குடிக்கலையே."

மறு மாதம் முப்பத்து நாலு. அதற்கடுத்து முப்பத்தேழு. பஞ்சக்கா அட்டையின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். ட்ரையலுக்கு வந்த ஒரு பெண், பலகையில் நின்றபடியே மூலையைக் காட்டி, "அந்த விரிப்புக்குள்ள யாராவது இருக்காங்களா? மூச்சு விடற மாதிரி இருக்கு" என்றாள். ஃபேன் காற்று என்று சொல்லிச் சிரித்தோம். அன்றைக்கு ஃபேன் ரிப்பேர்.

எனக்கு இந்த மாதிரிக் கதையெல்லாம் பிடிக்காது. பஞ்சக்காவின் பைத்தியத்தைத் தெளிய வைக்க நானே ஒரு வேலை செய்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவளுக்குத் தெரியாமல், பொம்மையின் இடுப்பில் சிவப்பு நூலை மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். கடையைப் பூட்டிச் சாவியை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். நல்ல வெயில் காலம், சொட்டு ஈரமில்லை. திங்கட்கிழமை திறந்தபோது நூல் துணிக்குள் ஆழமாகப் பதிந்து, இரண்டு சுற்று அறுந்து, மூன்றாவது தெறிக்கிற நிலையில் இருந்தது. மிச்ச நூலை வெட்டியெடுத்துக் குப்பையில் போட்டேன், அவளிடம் சொல்லவில்லை.

ஆறாவது மாதம் ஒரே வாரத்தில் நாற்பதிலிருந்து முப்பத்து நாலுக்கு இறங்கியது. பஞ்சக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தாள்.

"பெத்துட்டா. சுகமாத்தான் பெத்திருக்கா" என்றாள். "பாரு, மார் ஏறியிருக்கு. பால் கொடுக்கிறா."

"சரிக்கா, போய்ப் பாக்க வேணாமா? மருந்துக்கடைல விசாரிச்சா யாருக்காவது தெரியும்ல?"

"வரணும்னா அவளே வருவா. நல்லாத்தான் இருக்கா, எனக்குத்தான் தெரியுதே."

பதினோரு வருடம் அப்படியே போனது. மற்றவர்கள் மகள் வீட்டுக்குப் போய் வருவதுபோல அவள் மாதம் ஒரு தடவை மூலைக்குப் போய் வருவாள். "குட்டி கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டா." "இடது தோள் இறங்குது, ஏதோ கனமாத் தூக்கறா." நாலாவது வருடம் இடுப்பு மறுபடி ஏறி, நாலு மாதத்தில் சட்டென்று இறங்கியது. அன்றைக்குப் பஞ்சக்கா அட்டையில் இஞ்சை மட்டும் எழுதினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளோடு சேர்ந்து நானும் பழகிவிட்டேன் என்பதுதான் உண்மை. விரிப்புக்குள் பஞ்சு மெல்ல நகர்கிற அந்தச் சரசரப்பு, மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு சத்தம், அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

போன வருடம் பொம்மை மெலிய ஆரம்பித்தது. முப்பத்தாறில் இருந்தது முப்பத்து மூன்று. இரண்டு மாதத்தில் முப்பது. கழுத்தடியில் பஞ்சு ஒட்டிப்போய் மர எலும்பு துருத்தியது. பஞ்சக்கா வாரம் ஒரு தடவை அளந்தாள், பிறகு தினமும் அளந்தாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு.

"கரையறா. ஏதோ பெரிய வியாதி. என் பொண்ணு கரைஞ்சுகிட்டிருக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை நான் வந்தபோது அவள் விரிப்பை எடுத்துப் போட்டுவிட்டு, புதுப் பஞ்சுத் தகட்டைப் பொம்மைக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாடாவைப் போட்டு, முழங்காலை முட்டுக்கொடுத்து, மூச்சுப் பிடித்து இறுக்கினாள். முப்பத்தாறு வரும் வரை விடவில்லை.

"அக்கா, வேணாம். இது என்னன்னே நமக்குத் தெரியாது. தெரியாததுல கை வைக்காத."

"பெத்தவ கை. என்ன கெட்டுடும்?"

மறுநாள் ஒரு இஞ்சு குறைந்திருந்தது. மறுபடி சுற்றினாள். அதற்கு மறுநாளும். மூன்று மாதம், கடை திறந்ததும் அதுதான் முதல் வேலை. அவள் கட்டக்கட்ட அது உள்ளுக்குள்ளே இறங்கும், இறங்க இறங்க அவள் இன்னும் இறுக்குவாள். நாடா முடிச்சுப் போடுகிறபோது பொம்மைக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும். மரம் கிரீச்சிடுகிறது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இருபத்தாறு வருடத்தில் வேறெந்தப் பொம்மையும் கிரீச்சிட்டு நான் கேட்டதில்லை.

அன்றைக்குக் கரண்ட் போய் வந்ததால் அந்த வேலை மத்தியானத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. மற்றவர்கள் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். நான் சாட்டின் வெட்டிக்கொண்டிருந்தேன். பஞ்சக்கா படிக்கட்டுக்கு முதுகைக் காட்டிப் பொம்மைக்கு முன்னால் நின்றாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது, நின்று நின்று ஏறுகிற சத்தம். நான் நிமிர்ந்தேன். படி முனையில் ஒரு பெண், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். நல்ல நிறம், நல்ல தெம்பான முகம், ஆனால் வேர்த்துக் கொட்டியிருந்தது. பஞ்சக்கா முழங்காலை முட்டுக்கொடுத்து நாடாவை இழுத்தாள். படியில் நின்றவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடிந்தாள்.

என் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது. "அக்கா, விடு! நாடாவ விடு!" என்று அலறினேன். அவள் திரும்பிப் பார்த்து, பயந்துபோய்க் கையை விட்டாள். அந்தப் பெண் மூச்சை இழுத்து நிமிர்ந்தாள்.

குட்டி.

"மூணு மாசமா" என்றாள் அவள், தரையில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு. "தினமும் காலைல ஏதோ ஒண்ணு இடுப்பச் சுத்தி இறுக்குது. மூச்சு அடைச்சுடும். எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லங்கறாங்க. நேத்து பஸ்ல வர்றப்போ திடீர்னு ஞாபகம் வந்துச்சு. இப்படி என்னைச் சுத்தி இறுக்கின இடம் ஒண்ணே ஒண்ணுதான்."

"நீ கரைஞ்சுகிட்டிருந்தியேம்மா" என்றாள் பஞ்சக்கா. "வியாதின்னு நெனச்சேன். பொம்மை எலும்பா ஆயிடுச்சு."

"வியாதியா? டாக்டர்தான் எடையக் குறைக்கச் சொன்னார். தினம் அஞ்சு மைல் நடந்து குறைச்சேன். வாழ்க்கைல முதல் தடவையா உடம்பு லேசா இருந்துச்சு, அப்பத்தான் இது ஆரம்பிச்சுது."

அவள் எழுந்து பொம்மையிடம் போனாள். தன் தோள், தன் இடுப்பு, தன் தாழ்ந்த இடது பக்கம் எல்லாவற்றையும் பார்த்தாள். தொடவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் இடம் போதாமல் பஞ்சக்கா வேறு அட்டைகளைத் தைத்துச் சேர்த்திருந்தாள். குட்டி விரலை வைத்து ஒவ்வொரு தேதியாக வாசித்தாள். நாற்பதிலிருந்து முப்பத்து நாலுக்கு இறங்கிய இடத்தில் விரல் நின்றது.

"இது என் பொண்ணு பொறந்த வாரம்" என்றாள். இன்னும் கீழே வந்தாள். "இது... இந்த நாலு மாசம்... இது தங்காமப் போனது." அட்டையைக் கையிலிருந்து விட்டாள். பிறகு திரும்பினாள். "அப்போ உனக்கு எல்லாம் தெரியும்?"

பஞ்சக்கா தலையாட்டினாள்.

"அது தங்காமப் போனப்ப ஆஸ்பத்திரில தனியா படுத்திருந்தேன். என் பொண்ணப் பக்கத்து வீட்ல விட்டுட்டு. நீ இங்க நின்னு இஞ்சு எழுதிக்கிட்டு இருந்தியா?"

"விலாசம் தெரியாதேம்மா."

"ஆத்துக்கு அந்தப் பக்கம்மா. ஒரே பஸ்ஸு. பழைய மருந்துக்கடைல கூட வேல பாத்தவங்க எல்லாருக்கும் தெரியும். யார்கிட்டயாவது ஒரு தடவை கேட்டியா?"

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் சும்மா சொல்கிறோம். பஞ்சக்கா எந்த அளவையும் தவறாக எடுத்தவளில்லை. முப்பத்து நாலு என்றால் முப்பத்து நாலுதான். அது ஏன் என்று மட்டும் அவள் யாரையும் கேட்டதில்லை. நானும் ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டவள்தான், எனக்கும் அதில் பங்குண்டு.

"பிரிச்சுடும்மா இத" என்றாள் குட்டி.

பஞ்சக்கா பின்வாங்கினாள். "மாட்டேன். நாடா இறுக்கினதுக்கே அப்படி மடிஞ்ச. மொத்தத்தையும் எடுத்தா உனக்கு என்ன ஆகும்? உள்ள வெறும் மரம்டி. மாட்டேன்."

"ஆனா ஆகட்டும். இனிமே என்னை இங்க வச்சிருக்காத."

நான் கீழே கிடந்த கத்தரிக்கோலை எடுத்துப் பஞ்சக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். காடாத்துணியைக் கிழித்தாள், நாடாவை வெட்டினாள். பஞ்சுத் தகட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுற்று வரும்போதும் குட்டி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். வெளிச்சுற்றுகள் சாதாரணப் பஞ்சாக இருந்தன. உள்ளே போகப் போகப் பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. நான் அதை வாங்கி வாங்கி மேஜையில் போட்டதால் எனக்குத் தெரியும். கடைசிச் சுற்றுகளில் நல்ல சூடு, காய்ச்சல்காரியின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. மூன்று ஜன்னலும் திறந்திருந்தும் தெருச் சத்தம் ஒன்றும் உள்ளே வரவில்லை.

கடைசிச் சுற்றில் பஞ்சக்காவின் கை நின்றது. மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடும்மா" என்றாள் குட்டி.

எடுத்தாள். வெறும் மரம். குட்டி கண்ணை மூடி நின்றாள். நான் பத்து வரை எண்ணினேன். அவள் கண்ணைத் திறந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்து, இன்னொரு மூச்சு விட்டாள். அவ்வளவுதான். கீழே செருப்புக்கடைக்காரர் யாரிடமோ சண்டை போடுகிற சத்தம் மறுபடி கேட்டது.

பஞ்சக்கா ஒரு அடி எடுத்து வைத்து நின்றுவிட்டாள். மகளைக் கட்டிக்கொள்ளத்தான் போனாள், எனக்குத் தெரிந்தது. கட்டிக்கொண்டால் கை தானாக அளந்துவிடும், அந்தக் கைக்கு வேறு பழக்கமில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மூக்கிலிருந்து நீர் வடிந்தது, துடைக்கவும் இல்லை. மேலிருந்து கீழாகப் பார்க்கிற அந்தப் பார்வையையும் விட்டாள். மகளுடைய முகத்தை மட்டும் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்க?" என்று கேட்டாள்.

மணப்பெண்கள் ஏறி நிற்கிற பலகையின் ஓரத்தில் குட்டி போய் உட்கார்ந்தாள், பக்கத்தில் இடம் விட்டு.

"நல்லா இல்லம்மா" என்றாள். "ரொம்ப வருஷமாவே நல்லா இல்ல. உக்காரு, சொல்றேன்."